ருமலாஞ்ச்: எல்லையோர இரும்புச் சுரங்க ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லக்சம்பர்க் என்றதும் வங்கிகளும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டுக்கு முதன்முதலில் காசு வந்தது அங்கிருந்து அல்ல. தெற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய குன்றுகளுக்கு அடியிலிருந்து வந்தது. அந்தக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் ருமலாஞ்ச். வேலைக்காகவோ படிப்புக்காகவோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களும், ஐரோப்பா சுற்றும்போது ஒரு நாளை வித்தியாசமாகக் கழிக்க நினைப்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ருமலாஞ்ச் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

தலைநகரான லக்சம்பர்க் நகரிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பரப்பளவு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு, மக்கள்தொகை ஐந்தரை ஆயிரத்தை ஒட்டி. நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம், அவ்வளவுதான். ஆனாலும் 1907இல் சட்டப்படி நகரத் தகுதி வாங்கிவிட்டது. 1891 வரைக்கும் இது பக்கத்து ஊரான கைலின் நிர்வாகத்தில் இருந்த ஒரு பகுதி. தனி ஊராகிப் பதினாறே வருடத்தில் நகரமானது என்றால், அந்த வேகத்துக்குக் காரணம் இரும்பு.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் கைல்பாக் என்ற ஓடை, இரு பக்கமும் காடு போர்த்திய குன்றுகள். ஓடை பிறப்பது பிரான்ஸ் பக்கத்து ஒத்தாஞ்ச் என்ற ஊரில். ஓடையின் போக்குக்கு எதிராக, மேட்டைப் பார்த்து ஒரே சாலையில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் நாடு மாறிவிடும்.

ரயில் பலகையில் ஒரு பெயர், வரைபடத்தில் இன்னொரு பெயர் இருக்கிறதே?

பிரெஞ்சில் ருமலாஞ்ச், உள்ளூர் லக்சம்பர்கிஷ் மொழியில் ரெமெலெங், ஜெர்மனில் ரூமெலிங்கன். மூன்றும் ஒரே ஊர்தான். நாட்டில் மூன்று மொழிக்கும் சட்ட அங்கீகாரம் இருப்பதால் எதைச் சொல்லிக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இங்கே கிடைத்தது மட்டமான இரும்புத் தாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதற்கு 'மினெட்' என்று பெயர். இந்தப் பகுதியையே மினெட் என்றுதான் அழைக்கிறார்கள். சுமார் 17, 18 கோடி வருடங்களுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தில், இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அந்தக் கடலடியில் கேழ்வரகு அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் இரும்பு உருண்டைகள் கோடிக்கணக்கில் படிந்து பாறையாக இறுகின. துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த மணிகள் தனித்தனியாகத் தெரியும். விரலில் துருப்பொடி ஒட்டும்.

படுகைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. சிவப்பு, சாம்பல், மஞ்சள், கறுப்பு என்று நிறத்தை வைத்தே சுரங்கக்காரர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

தரத்துக்கு வருவோம். இதில் இரும்பின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம்தான். ஒரு டன் இரும்புக்கு மூன்று டன்னுக்கு மேல் கல்லை வெட்ட வேண்டும். போதாக்குறைக்கு பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் கலந்த எஃகு குளிரில் நொறுங்கும். ரயில் தண்டவாளத்துக்கு உதவாத எஃகை 19ஆம் நூற்றாண்டில் யார் வாங்குவார்கள்?

அப்படியானால் இந்தத் தாதுவை வைத்து எப்படிப் பணம் பார்த்தார்கள்?

லண்டனில் காவல் நீதிமன்றம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற இளைஞருக்குத்தான் இந்தப் பகுதி கும்பிடு போட வேண்டும். பகலில் நீதிமன்ற வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு. வேல்ஸ் நாட்டு இரும்பாலை ஒன்றில் வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்டைச் சேர்த்துக்கொண்டு 1870களின் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அதுவரை எஃகு காய்ச்சும் கலனின் உட்சுவரில் மணற்கல் வகைச் செங்கல் பதிப்பார்கள். அது அமிலத்தன்மை உடையது, பாஸ்பரஸைத் தொடாது. தாமஸ் அதற்குப் பதிலாகக் காரத்தன்மையுள்ள டோலமைட் என்ற கல்லைப் பதித்து, உலைக்குள் சுண்ணாம்பும் போட்டார். பாஸ்பரஸ் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாக ஒதுங்கியது. நல்ல எஃகு மிஞ்சியது.

லக்சம்பர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1879இலேயே உரிமம் வாங்கிவிட்டார்கள். பக்கத்து ஊரான டுட்லாஞ்சில் 1882இல் ஆலை தொடங்கி, 1886இல் அந்த முறையில் எஃகு காய்ச்சினார்கள்.

ஒதுங்கிய கசடையும் வீணாக்கவில்லை. அதில் பாஸ்பேட் நிறைய. அரைத்து 'தாமஸ் உரம்' என்று விற்றார்கள். நாட்டின் வடக்கே ஆர்டென் மேட்டு நிலம் சத்தில்லாத மண். அங்கே விளைச்சல் பெருகியதில் இந்தக் கசடுக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்புக்குக் கேடாக இருந்த பாஸ்பரஸ் உருளைக்கிழங்குக்கு உரமானது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1913இல் லக்சம்பர்க் 70 லட்சம் டன்னுக்கு மேல் தாது வெட்டியது. அந்த நாட்டு அளவுக்கு அது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. தாதுவில் பாதிக்கு மேல் வெறும் கல் என்பதால் தூரத்துக்கு ஏற்றி அனுப்பினால் கட்டாது. அதனால் உலைகளே தாதுவைத் தேடி வந்தன. ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து கோக் கரி ரயிலில் வரும். இங்கேயே உருக்கி இரும்பாக அனுப்புவார்கள். ருமலாஞ்சிலும் ஒரு காலத்தில் ஊதுலைகள் புகைந்தன.

சுரங்கத்துக்குள் வேலை எப்படி நடந்தது?

நிலக்கரிச் சுரங்கம் மாதிரி நூற்றுக்கணக்கான மீட்டர் கிணற்றில் இறங்கும் வேலை இங்கே இல்லை. பள்ளத்தாக்கின் சரிவிலேயே படுகை வெளியே தலைகாட்டுவதால் குன்றின் பக்கவாட்டில் துளை போட்டு நேராக உள்ளே நடந்து போகலாம். முக்கியச் சுரங்கப் பாதை, அதிலிருந்து கிளைகள், கிளைகளுக்கு நடுவே விட்டுவைத்த பாறைத் தூண்கள். பார்க்க ஒரு கட்டம் போட்ட நகர வரைபடம் போல இருக்கும்.

வெட்டுபவர் ஒருவர், அள்ளிப் போடும் உதவியாள் ஒருவர், இதுதான் ஒரு செட். பல நேரங்களில் அப்பாவும் மகனுமாக இருப்பார்கள். பாறையில் துளையிட்டு, கறுப்பு வெடிமருந்து திணித்து, திரி கொளுத்தி, ஒதுங்கி நிற்க வேண்டும். புகை அடங்கியதும் நீளமான இரும்புக் கம்பியால் மேல்கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கு ஊசியிலை மரம்தான் போடுவார்கள். காரணம் இருக்கிறது. பாரம் தாங்காமல் ஒடிவதற்கு முன்னால் அது முனகும். அந்தச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டியதுதான்.

கூலி மணிக்கணக்கில் அல்ல, வெட்டிய தாதுவின் அளவுக்கு. நிரம்பிய ஒவ்வொரு வேகனிலும் தொழிலாளி தன் எண் பொறித்த சின்னத் தகட்டை மாட்டிவிடுவார். வெளியே அதைப் பார்த்துத்தான் யார் கணக்கு என்று எழுதுவார்கள். தாதுவோடு வெறும் கல் அதிகம் கலந்திருந்தால் கூலியில் வெட்டு விழும். வெடிமருந்துச் செலவும் தொழிலாளியின் கணக்கில்தான். முட்டுக் கொடுக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள். அவசரத்தில் முட்டுக் கொடுப்பதை ஒத்திப்போட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சுரங்க விபத்து என்றதும் அதிர்ஷ்டம், விதி என்று பேசுவார்கள். பாதி விதி அந்தக் கூலி முறையில் இருந்தது என்பேன்.

வேகன்களை முதலில் ஆட்கள் தள்ளினார்கள். பிறகு குதிரைகள் வந்தன, அதற்கப்புறம் மின்சார எஞ்சின்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துளையிடும் வண்டி, அள்ளும் இயந்திரம், மரமுட்டுக்குப் பதிலாகக் கூரையில் முடுக்கும் நீள போல்ட் என்று வேலையே மாறிப்போனது.

எந்த விளக்கு வைத்திருந்தார்கள்? தீ விபத்து பயம் இல்லையா?

முதலில் எண்ணெய் விளக்கு, 20ஆம் நூற்றாண்டில் கார்பைடு விளக்கு. கார்பைடு கட்டியில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அதைக் கொளுத்த வேண்டும். நம்மூர்த் திருவிழாக் கடைகளில் ஒரு காலத்தில் எரிந்த அதே விளக்குதான். நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படித் திறந்த சுடரோடு போனால் மீத்தேன் வெடித்துவிடும். இரும்புச் சுரங்கத்தில் அந்த வாயு இல்லை என்பதால் பயமில்லாமல் கொண்டுபோனார்கள்.

பின்னே எதனால் உயிரிழப்பு?

கூரை சரிவதால்தான். ஒரு பகுதியை வெட்டி முடித்ததும், திரும்பி வரும்போது விட்டுவைத்த தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். மேலே உள்ள பாறை இடிந்து இறங்கும், அது திட்டத்திலேயே உண்டு. அந்த இறங்கலை ஒரு நிமிடம் தப்பாகக் கணித்தால் போயிற்று. பெரிய வெடிவிபத்தில் நூறு பேர் என்று தலைப்புச் செய்தியாகாமல், ஒருவர் இருவர் என்று போன உயிர்கள் இவை.

பக்கத்து ஊரான கைலில், லைஃப்ரெஷன் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் தேசிய நினைவிடம் இருக்கிறது. வேலையில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். பெயர்களை மேலிருந்து கீழே வாசித்தாலே யார் எங்கிருந்து வந்தார்கள் என்று புரியும். ஜெர்மன் சாயல் பெயர்களுக்கு நடுவே இத்தாலியப் பெயர்கள் கலந்து வரும். சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதரான பார்பராவின் திருநாளை டிசம்பர் 4 அன்று இந்தப் பகுதி ஊர்களில் இன்றும் கொண்டாடுகிறார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

இத்தாலியர்கள் இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்?

விவசாயத்தை நம்பியிருந்த லக்சம்பர்க்காரர்கள் அப்போது கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை. 1890களிலிருந்து இத்தாலியர்கள் வரத் தொடங்கினார்கள், பெரும்பாலும் தனியாள்களாக. வேலை குறைந்தால் திரும்பிப் போவதும், நிலைமை தேறினால் மறுபடி வருவதுமாக இருந்தார்கள். தங்க இடம் கிடைக்காத காலத்தில் ஒரே கட்டிலைப் பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் மாறி மாறி வாடகைக்கு எடுத்த கதை இந்தப் பகுதி முழுக்க உண்டு. வீட்டுக்காரப் பெண்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்துக் கொடுத்து இன்னொரு வருமானம் பார்த்தார்கள். சுரங்க வரலாறு எழுதுபவர்கள் இந்த உழைப்பை அரைவரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1960களுக்குப் பிறகு போர்ச்சுகல்காரர்கள் பெருமளவில் வந்தார்கள். இன்று லக்சம்பர்க்கில் வசிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். தெற்கு ஊர்களின் காபிக்கடைகளில் போர்ச்சுகீசியம் கேட்காமல் திரும்ப முடியாது.

எல்லையில் இருப்பதால் ஊருக்கு என்ன ஆனது?

இதுதான் ருமலாஞ்சின் உண்மையான கதை. ஒரே படுகை, ஒரே பள்ளத்தாக்கு, ஆனால் பக்கத்து நாடு மாறிக்கொண்டே இருந்தது.

1870–71 போரில் பிரான்ஸ் தோற்றது. ஒத்தாஞ்ச் உட்பட மொசெல் பகுதி ஜெர்மனிக்குப் போனது. பிராங்க்ஃபர்ட் ஒப்பந்தத்தில், தெற்கே பெல்ஃபோர்ட் கோட்டையைச் சுற்றிக் கொஞ்சம் அதிக நிலத்தைப் பிரான்ஸ் வைத்துக்கொள்ளட்டும், பதிலுக்கு லக்சம்பர்க் எல்லையோரத்தில் தாது இருக்கும் கிராமங்கள் எங்களுக்கு என்று ஜெர்மனி பேரம் பேசியது. ஆனால் அதை அடுத்திருந்த ப்ரியே பகுதியைப் பிரான்ஸிடமே விட்டுவிட்டது. அங்கே தாது ஆழத்தில் இருப்பதும் தெரியாது, பாஸ்பரஸுக்கு வழியும் தெரியாது. எட்டே வருடத்தில் தாமஸ் முறை வந்தது. விட்ட இடத்தை நினைத்துக் கைபிசைந்தார்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மானிய அரசு எழுதி வைத்த போர் நோக்கங்களில் ப்ரியே தாதுவயலும் இருந்தது.

லக்சம்பர்க்கோ 1842 முதல் ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தில் இருந்தது. ஆகவே 1871க்குப் பிறகு ருமலாஞ்சுக்கும் ஒத்தாஞ்சுக்கும் நடுவே நாட்டு எல்லை உண்டு, சுங்கவரி எல்லை கிடையாது. முதல் உலகப் போர் முடிந்ததும் கதை தலைகீழ். ஒத்தாஞ்ச் பிரான்ஸுக்குத் திரும்பியது, லக்சம்பர்க் சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியேறி 1922 முதல் பெல்ஜியத்தோடு பொருளாதாரக் கூட்டு வைத்தது. அதே தெருவில் இப்போது சுங்க அதிகாரி நின்றார்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை நுழைந்தபோது பிரான்ஸின் மாஜினோ கோட்டை வரிசை எல்லைக்கு அந்தப் பக்கம் வெகு அருகில் இருந்தது. தெற்கு ஊர்கள் போர்க்களமாகிவிடவே, பல்லாயிரக்கணக்கானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பகுதியினர் பிரான்ஸுக்குள், இன்னொரு பகுதியினர் நாட்டின் வடக்கே. மாதக்கணக்கில் கழித்துத்தான் ஊர் திரும்பினார்கள். திரும்பி வந்தது நாஜி ஆட்சிக்கு. 1942 ஆகஸ்ட் கடைசியில் லக்சம்பர்க் இளைஞர்களை ஜெர்மானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கும் ஆணை வந்தபோது நாடு தழுவிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் இந்தத் தெற்குப் பகுதியின் ஆலைத் தொழிலாளர்கள் முன்னால் நின்றார்கள், உயிரும் கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகு, இனி நிலக்கரிக்கும் எஃகுக்கும் சண்டை வேண்டாம் என்று ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு சமூகம் அமைத்தன. அதன் முதல் அலுவலகம் 1952இல் லக்சம்பர்க் நகரில்தான் திறந்தது. 1953 பிப்ரவரியில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் வரியில்லாமல் எல்லை தாண்டத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொடக்கத்தைப் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது ஏதோ பெரிய கொள்கை மாதிரி இருக்கும். ஒத்தாஞ்ச் சாலையில் நின்று யோசித்தால், தாது வண்டி தடையில்லாமல் இந்த வளைவைத் தாண்ட வேண்டும் என்ற நடைமுறைப் பிரச்சினையும் அதற்குள் இருந்தது தெரியும்.

இப்போது எல்லை எப்படி இருக்கிறது? விசா கேட்பார்களா?

பெயர்ப்பலகை மட்டும்தான். எல்லைச் சோதனையைக் கைவிடும் ஒப்பந்தம் கையெழுத்தான ஷெங்கன் கிராமமும் இதே நாட்டின் தென்கிழக்கு மூலையில்தான் இருக்கிறது. ஷெங்கன் விசாவோ ஏதாவது ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பிட அட்டையோ இருந்தால் நடந்தே போய்வரலாம். ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சமீப வருடங்களில் இந்த நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனை போடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத எல்லை இன்னும் உண்டு, அது விலையில். பெட்ரோலும் புகையிலையும் லக்சம்பர்க்கில் மலிவு என்பதால் பிரெஞ்சுக் கார்கள் இந்தப் பக்கம் வந்து நிரப்பும். வீட்டு விலை பிரான்ஸில் மலிவு, சம்பளம் லக்சம்பர்க்கில் அதிகம். ஆகவே லக்சம்பர்க்குக்குத் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், அதில் பாதிக்கு மேல் பிரான்ஸிலிருந்து. காலையில் சாலை நெரிசலைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் தூங்கினார்கள் என்று சொல்லிவிடலாம்.

சுரங்கங்கள் ஏன் மூடப்பட்டன?

தாது தீரவில்லை. பிரேசில், ஸ்வீடன், மொரிட்டானியா போன்ற இடங்களிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் இரும்புள்ள தாது பெரிய கப்பல்களில் மலிவாக வந்து இறங்க ஆரம்பித்ததும் 30 சதவீதத் தாதுவை மலைக்குள் போய் வெட்டுவதில் அர்த்தமில்லாமல் போனது. 1975க்குப் பிறகு உலக எஃகுச் சந்தையும் சரிந்தது. லக்சம்பர்க்கின் கடைசி இரும்புச் சுரங்கம், டிஃபர்டாஞ்சில் இருந்தது, 1981 நவம்பரில் மூடியது.

எல்லைக்கு அப்பால் ஓதன்-லெ-தீஷில், லக்சம்பர்க்கின் ஆர்பெட் நிறுவனத்துக்குச் சொந்தமான சுரங்கம் மட்டும் 1997 கோடை வரை ஓடியது. பிரான்ஸின் லொரேன் பகுதியின் கடைசி இரும்புச் சுரங்கம் அதுதான். அது மூடிய அதே கோடையில் எஷ் நகரின் பெல்வாலில் நாட்டின் கடைசி ஊதுலையும் அணைந்தது. இன்று லக்சம்பர்க்கில் எஃகு காய்ச்சுவது பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கித்தான்.

இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. 1911இல் உருவான ஆர்பெட் நிறுவனம்தான் நூற்றாண்டு முழுக்க லக்சம்பர்க்கின் எஃகுத் தூண். அது பிரான்ஸ், ஸ்பெயின் நிறுவனங்களோடு சேர்ந்து ஆர்செலார் ஆனது. ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மித்தலின் நிறுவனம் 2006இல் அதைக் கைப்பற்றியது. அப்போது ஐரோப்பாவில் பெரிய கூச்சல். ஆர்செலார்மித்தலின் தலைமையகம் இன்றும் லக்சம்பர்க்கில்தான்.

மூடிய பிறகு அந்தக் குன்றுகள் என்ன ஆயின?

திறந்தவெளியில் வெட்டிய இடங்கள் சிவந்த பாறைச் சுவர்களாக நின்றுவிட்டன. மண் மெலிந்த வெயில் சரிவில் ஆர்கிட் செடிகளும் அரிய பட்டாம்பூச்சிகளும் குடியேறின. பழைய சுரங்கப் பாதைகளில் வௌவால்கள். ருமலாஞ்ச், கைல், டுட்லாஞ்ச் நடுவே இருக்கும் ஹார்ட் என்ற இடம் இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. புதர் மண்டிப் புல்வெளி மறைந்துவிடாமல் இருக்க ஆடு மேய்க்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ மினெட் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2022இல் எஷ் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்தபோது ருமலாஞ்சும், எல்லைக்கு அப்பால் ஒத்தாஞ்சும் அதில் பங்கெடுத்தன.

எல்லாம் அழகு என்று நினைக்க வேண்டாம். லொரேனில் சுரங்கம் மூடித் தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் பாதைகள் நீரில் மூழ்கின. 1996இல் ஓபூவே என்ற ஊரில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டன, மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆகவே காட்டுக்குள் கம்பிக்கதவு போட்ட பழைய சுரங்க வாய் தென்பட்டால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

தேசியச் சுரங்க அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது?

ருமலாஞ்சுக்குப் போக வேண்டிய காரணமே அதுதான். வாலர்ட் என்ற பழைய சுரங்கத்தில் 1973இல் திறந்தார்கள். சின்ன ரயிலில் ஏறி மலைக்குள் போய், இறங்கி வழிகாட்டியோடு நடக்க வேண்டும். கைத்துளைக் கம்பியில் தொடங்கி பெரிய அள்ளும் இயந்திரம் வரை, வேலை நடந்த அதே இடத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த அருங்காட்சியகம் இல்லை.

உள்ளே வருடம் முழுக்க பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஜூலை மாதம் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். தரை ஈரமாக இருக்கும், செருப்பு வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், திறக்கும் நாட்களும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே முன்கூட்டியே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழி வழிகாட்டி என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பெல்வாலில் ஊதுலையே நிற்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

பெல்வால் பிரமாண்டம், மறுக்க முடியாது. பழைய ஊதுலைகளைச் சுற்றிப் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள், படம் எடுக்க அருமையான இடம். ஆனால் அங்கே தெரிவது முதலாளியின் அளவு. ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு கல்லை அள்ளினான் என்பது ருமலாஞ்சின் தாழ்ந்த கூரைக்கு அடியில்தான் உறைக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு ருமலாஞ்சுக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்பது வேறு விஷயம்.

எப்படிப் போவது? செலவு ஆகுமா?

லக்சம்பர்க் நகரிலிருந்து எஷ் பக்கம் போகும் ரயிலில் ஏறி நோர்ட்சாஞ்சில் இறங்கி, ருமலாஞ்ச் கிளை ரயிலுக்கு மாற வேண்டும். பயணம் இலவசம். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க ரயில், பஸ், டிராம் எதற்கும் டிக்கெட் கிடையாது, முதல் வகுப்பு ரயில் பெட்டிக்கு மட்டும் காசு. வெளிநாட்டவருக்கும் இதே சலுகைதான். ஆனால் எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குள் போகும் பகுதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

நடக்கப் பிடிக்கும் என்றால் மினெட் பகுதி ஊர்களை இணைக்கும் 90 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, ருமலாஞ்சையும் தொட்டுப் போகிறது. மலைச் சைக்கிள்காரர்களுக்கு ஹார்ட் பகுதியில் தனிப் பாதைகள் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கொஞ்சம் கஷ்டம்தான். உள்ளூர்ச் சாப்பாடு என்றால் புகைபோட்ட பன்றிக் கழுத்துக்கறியும் அவரையும். பச்சை பீன்ஸ் சூப்பில்கூடப் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த குரோம்பெரெகிஷெல்ஷர் கிடைத்தால் விடாதீர்கள், அதில் முட்டை இருக்கும். இத்தாலியர்கள் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆனதால் பாஸ்தாவும் பீட்சாவும் எந்த ஊரிலும் கிடைக்கும். அதுவும் இங்கே சுரங்கத் தொழிலாளர் சாப்பாடுதானே.

ஊர் இன்று எதை வைத்துப் பிழைக்கிறது?

பலர் எஷுக்கோ தலைநகருக்கோ வேலைக்குப் போய்வருகிறார்கள். ஊரில் எஞ்சிய பெரிய ஆலை சிமென்டுக்கான கிளிங்கர் சுடும் ஆலை. தாதுவுக்கு மேலே இருந்த சுண்ணாம்புப் பாறையை அந்தக் காலத்தில் தொந்தரவாக ஒதுக்கினார்கள், இன்று இப்பகுதியில் விலை போவது அந்தப் பாறைதான்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

குழந்தைகளுக்கு அந்தச் சின்ன ரயிலே போதும். இருட்டுக்குப் பயப்படும் சின்னஞ்சிறு பிள்ளைகள் என்றால் முன்பே பேசித் தயார்படுத்துங்கள், நடுவழியில் திரும்ப முடியாது. வயதானவர்கள் சாதாரண வேகத்தில் நடக்கக்கூடியவராக இருந்தால் சிரமமில்லை, கிணறு மாதிரி இறங்கி ஏறும் வேலை இல்லை. சக்கர நாற்காலி தேவைப்பட்டாலோ மூடிய இடம் ஒத்துக்கொள்ளாது என்றாலோ, பதிவு செய்யும்போதே சொல்லி விசாரித்துவிடுங்கள்.